கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் கோளாறா? அறிகுறியிலிருந்து இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி

1860இல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பலின் இயந்திர அறையில் முதல் முறையாக வாட்ச் (முறைவைத்துச் செய்யும் காவல் வேலை) நிற்கப்போகிற ஆளுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஓர் ஆள் இன்று கிடையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பழைய நீராவிக் கப்பல் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், அது எதனாலெல்லாம் நின்றது என்று பார்ப்பதுதான் குறுக்கு வழி. நிற்பதில் இந்தக் கப்பலை மிஞ்ச ஆளில்லை.

முதலில் எங்கே எது இருக்கிறது என்று மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பலின் நீளம் 692 அடி. நடுவில் துடுப்புச் சக்கரங்களைச் சுற்றும் இயந்திரம். ஒவ்வொரு சக்கரமும் 56 அடி விட்டம். பின்பக்கம் தனியாக இன்னொரு இயந்திரம், 24 அடி புரொப்பெல்லரைச் சுற்றுவதற்கு. இரண்டுக்குமாகப் பத்துக் கொதிகலன்கள், ஐந்து புகைபோக்கிகள். போதாததற்கு ஆறு பாய்மரக் கம்பங்கள். அவற்றுக்குத் திங்கள், செவ்வாய் என்று சனி வரை பெயர். கடலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்பது மாலுமிகளின் கிண்டல்.

இவ்வளவு நீளத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. சின்னக் கப்பலில் எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கேயே போய்ப் பார்த்தால் போதும். இங்கே கோளாறு ஒரு பக்கம் இருக்கும், அறிகுறி நூறடி தள்ளி வேறு ஆளின் கண்ணில் படும். ஆகவே எந்தக் கோளாறிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக யார், எதைத் தொட்டார்கள்? அதைக் கேட்டுவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.

நீராவி அழுத்தம் மெல்ல இறங்குகிறது

இந்தக் கப்பலின் கொதிகலன்கள் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 25 பவுண்டு அழுத்தத்துக்குள் ஓடுபவை. இன்றைய வீட்டு பிரஷர் குக்கரைப்போல இரண்டு மடங்குகூட இல்லை. முள் இருபதுக்குக் கீழே போனால் முதலில் உலைக் கதவைத் திறந்து பாருங்கள். தீ ஒரே சீராக, வெளுத்த மஞ்சளாக இருந்தால் நெருப்பில் குறை இல்லை. அங்கங்கே கறுப்புத் திட்டு தெரிந்தால் கம்பிகளின் மேல் கிட்டம் உருகிப் படிந்து காற்றை அடைத்திருக்கிறது. கொக்கிக் கம்பியை விட்டுக் கிளறி இழுத்துப் போடுங்கள். ஒரே நேரத்தில் எல்லா உலைகளையும் சுத்தம் செய்ய ஆரம்பிக்காதீர்கள். ஒரு கொதிகலனுக்கு ஓர் உலை என்று முறைவைத்துச் செய்யாவிட்டால் இருக்கிற அழுத்தமும் போய்விடும்.

புகைபோக்கியில் கறும்புகை அடர்த்தியாகப் போகிறதா? உலையில் கரி போடும் ஸ்டோக்கர் ஒரே தடவையில் மண்வாரி மண்வாரியாகக் கொட்டியிருக்கிறார். கொஞ்சமாக, அடிக்கடி, பரவலாகப் போட வேண்டும். அவரைத் திட்டுவதற்கு முன் அவர் நிற்கும் இடத்தின் வெப்பத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். காற்றுக் குழாயின் வாய் காற்று வரும் திசைக்கு முதுகு காட்டித் திரும்பியிருந்தால் கீழே ஆட்கள் சுருண்டு விழுவார்கள், அழுத்தமும் கூடவே விழும். மேல்தளத்துக்குப் போய் அந்த வாயைத் திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுவதுண்டு.

தீ நன்றாக இருக்கிறது, கரியும் நல்ல கரி, ஆனாலும் அழுத்தம் ஏறவில்லை என்றால் சந்தேகம் உப்பின் மேல் போக வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்துக் கப்பல் பொறியாளரின் பாதி ஆயுள் உப்போடுதான் கழிந்தது.

இயந்திரத்தில் வேலை செய்து முடித்த நீராவியைக் குளிரவைக்க, கண்டென்சருக்குள் கடல்நீரை நேராகப் பீச்சியடிக்கிறார்கள். நீராவி நீராகிறது, கடல்நீரோடு கலக்கிறது, அந்தக் கலவையிலிருந்துதான் கொதிகலனுக்கு நீர் போகிறது. அதாவது நீங்கள் கொதிக்கவைப்பது பெரும்பாலும் கடல்நீர். நீராவி மேலே போய்விடும், உப்பு போகாது. உப்பளத்துப் பாத்தியில் நடப்பதேதான், இங்கே இரும்புப் பெட்டிக்குள் நடக்கிறது.

கடல்நீரில் எடையில் 32இல் ஒரு பங்கு உப்பு என்பது பொறியாளர்கள் வைத்துக்கொண்ட கணக்கு. கொதிகலனில் அது 32இல் இரண்டு பங்கு ஆனால் சரி, மூன்றைத் தொட்டால் கவலைப்பட வேண்டும். மணிக்கொரு தரம் கொஞ்சம் நீரை எடுத்து உப்புமானியை மிதக்கவிட்டுப் பாருங்கள். அதிகமாக இருந்தால் அடிவால்வைத் திறந்து செறிந்த நீரைக் கடலுக்குத் தள்ளிவிட்டு, புது நீர் ஏற்றுங்கள். இரண்டு பங்கிலேயே நிறுத்த வேண்டுமென்றால் உள்ளே போகிற நீரில் சரிபாதியை வெளியே தள்ள வேண்டிவரும். கரியை எரித்துச் சூடாக்கிய நீர் அது! மனம் கேட்காது. வாட்ச் முடிகிற நேரத்தில் கரிக்கணக்கு நன்றாக இருக்கட்டும் என்று முந்தைய ஆள் தள்ளாமல் விட்டிருப்பார். கடைசியாக யார், எதைத் தொடாமல் விட்டார்கள் என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

தள்ளாமல் விட்டால் உலையின் மேல்தகட்டில் வெள்ளைக் காரை படியும். காரைக்கு மறுபக்கம் நீர் இருந்தும் தகட்டின் சூட்டை அது வாங்காது. தகடு சிவந்து, மெத்தென்றாகி, கீழ்நோக்கித் தொங்கும். துறைமுகத்தில் கொதிகலன் ஆறியதும் ஆட்கள் உள்ளே நுழைந்து உளியும் சுத்தியலுமாகக் காரையைக் கொத்தி எடுப்பார்கள். வேறு மருந்து இல்லை.

அழுத்தத்தை ஏன் 25க்கு மேல் பெரிதாக ஏற்றவில்லை என்பதற்கும் காரணம் உப்புக்குள்தான் இருக்கிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியம் சல்ஃபேட், சூடு ஏற ஏறக் கரையாமல் பிரிந்து படியும் குணம் உள்ளது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், கொதிநிலை கூடினால் எவ்வளவு தள்ளிவிட்டாலும் காரை படியும். ஆகவே கடல்நீர் கொதிகலன் ஓரளவுக்கு மேல் வளரவே முடியாது. நீராவியும் கடல்நீரும் கலக்காமல் குழாய்ச் சுவர் வழியாகக் குளிரவைக்கும் கண்டென்சர் பரவலான பிறகுதான் கதை மாறியது. 1866இல் ஆல்ஃபிரட் ஹோல்ட்டின் அகமெம்னான் 60 பவுண்டில் ஓடியது. 1881இல் அபர்தீன் 125 பவுண்டில், நீராவியை மூன்று தடவை விரியவிட்டு ஓடியது. அந்தக் கப்பல்களெல்லாம் குறைந்த கரியில் அதிக தூரம் போயின. நம் கப்பலோ மலைமலையாகக் கரியைத் தின்றுகொண்டிருந்தது.

கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் அசையாமல் நிற்கிறது

புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். சந்தோஷப்படாதீர்கள். கப்பல் உருளும்போது கொதிகலனுக்குள் நீர் அலையும், அப்போது கண்ணாடியிலும் மட்டம் ஏறி இறங்க வேண்டும். அசையாமல் நின்றால் கீழ்க்குழாய் உப்பிலோ சேற்றிலோ அடைத்திருக்கிறது. நீங்கள் பார்ப்பது பழைய நீர்.

அரிசி ஆலை ஒன்றில் சில வருடம் கொதிகலன் பக்கம் நின்றவன் நான். அங்கே ஒரு காலைப் பொழுது முழுக்கக் கண்ணாடி பாதியிலேயே நின்றது. "எவ்வளவு நல்லா பிடிச்சு வச்சிருக்கேன் பாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூத்தவர் வந்து அடிக்குழாயைத் திறந்து ஊதிக் காட்டினார். மட்டம் திரும்பவே இல்லை. அன்றைக்கு அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே கண்ணாடியை நம்புவதற்கு முன் அதன் அடிவால்வைத் திறந்து ஊதிப் பாருங்கள். பக்கத்திலேயே மேலும் கீழுமாக இருக்கும் மூன்று சோதனைக் குழாய்களைத் திறந்து எதில் நீர், எதில் நீராவி என்று சரிபாருங்கள். கீழ்க் குழாயிலும் நீராவி மட்டுமே சீறினால் பயந்துபோய்க் குளிர்ந்த நீரைத் திறந்துவிட வேண்டாம். சிவந்த தகட்டின் மேல் நீர் பட்டால் என்ன ஆகும் என்று தோசைக்கல்லில் தெளித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தீயை வெளியே இழுங்கள். கதவுகளைத் திறந்துவிட்டு ஆறவிடுங்கள். பெரிய பொறியாளருக்கு ஆள் அனுப்புங்கள்.

சிலிண்டருக்குள் டொக் டொக் என்று அடிக்கிறது

நீராவியோடு நீரும் சேர்ந்து வருகிறது. நீரை அமுக்க முடியாது. பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவில் அது சிக்கினால் மூடிதான் போகும். துடுப்பு இயந்திரத்தின் சிலிண்டர் ஒவ்வொன்றும் 74 அங்குல விட்டம், பிஸ்டன் ஓட்டம் 14 அடி. அந்த அளவில் ஒரு மூடி போவது சின்ன விஷயம் இல்லை. உடனே த்ராட்டிலைக் குறையுங்கள், சிலிண்டரின் வடிகுழாய்களைத் திறந்துவிடுங்கள், தீயைத் தணியுங்கள்.

பிறகு காரணம் தேடலாம். கொதிகலனில் நீர் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கலாம். கப்பல் ஆற்றிலிருந்து கடலுக்கோ கடலிலிருந்து ஆற்றுக்கோ மாறியிருக்கலாம். நன்னீரும் உப்புநீரும் மாறுகிற நேரத்தில் கொதிகலன் நுரைத்துப் பொங்குவதைப் பழைய ஆட்கள் நன்றாக அறிவார்கள். தேம்ஸ் முகத்துவாரத்தைத் தாண்டும்போது இதை எதிர்பார்த்தே நில்லுங்கள்.

இந்த இயந்திரத்தில் இன்னொன்றும் உண்டு. சிலிண்டர்களே ஊஞ்சல் மாதிரி ஆடும். அவை ஆடும் அச்சுக் குமிழ்களின் வழியாகத்தான் நீராவி உள்ளே போய் வருகிறது. அந்தக் குமிழில் சீறினால் கிளாண்டின் (நீராவி கசியாமல் அடைத்து வைக்கும் வளையத்தின்) மரைகளை எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறுக்குங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் அந்தப் பக்கம் சூடேறும், மறுபக்கம் சீறிக்கொண்டே இருக்கும்.

வெற்றிட மானி இறங்குகிறது, இயந்திரம் சோம்பலாகிறது

கண்டென்சரில் நீராவி நீராகிச் சுருங்குவதால் உண்டாகும் வெற்றிடமும் பிஸ்டனை இழுக்கிறது, அது குறைந்தால் பலமும் குறையும். கண்டென்சரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்நீர் போதவில்லை. கடல்நீர் நுழையும் வலையில் பாசியோ குப்பையோ அடைத்திருக்கும். குளிர்ச்சியாகவே இருந்தும் வெற்றிடம் இல்லையென்றால் எங்கேயோ காற்று நுழைகிறது. ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு இணைப்புகளின் ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். சுடர் எந்த இடத்தில் உள்ளே வளைகிறதோ அங்கேதான் ஓட்டை.

இயந்திரம் நின்றவுடன் குளிர்நீர் வால்வை மூட மறக்காதீர்கள். மறந்தால் கண்டென்சர் நிரம்பி, மேலே சிலிண்டர் வரை நீர் ஏறும். மறுபடி இயக்கும்போது மேலே சொன்ன டொக் டொக், இந்தத் தடவை இன்னும் பலமாக.

பேரிங்கில் கொழுப்பு தீய்ந்த வாடை

கையை வையுங்கள். வைத்துக்கொண்டு நிற்க முடியாவிட்டால் எண்ணெயும் உருக்கிய கொழுப்பும் கொடுங்கள், வேகத்தைக் குறையுங்கள். அப்புறமும் சூடு ஏறினால் குழாயில் நீரடிப்பார்கள். அதனால் எண்ணெய் கழுவிப்போகும், ஆகவே நீரடித்தபின் மறுபடி எண்ணெய். கரி நிலவறைப் பக்கம் இதே மாதிரி ஒரு கனத்த வாடை வந்தால் அது பேரிங் இல்லை. கரி உள்ளுக்குள் தானாகவே சூடேறுகிறது. அந்த அறைக் கரியை முதலில் எடுத்து எரித்து முடியுங்கள்.

புகைபோக்கியைச் சுற்றிய நீர்ச்சட்டையில் சத்தமே இல்லை

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

முன்பக்கப் புகைபோக்கிகள் பயணிகளின் பெரிய மண்டபத்தின் ஊடாக மேலே போகின்றன. மண்டபம் சூடாகாமல் இருக்க, அந்தப் புகைபோக்கிகளைச் சுற்றி நீர் நிரம்பிய சட்டை ஒன்று போட்டிருக்கிறார்கள். கொதிகலனுக்குப் போகிற நீர் அதன் வழியாகப் போகும்போது கொஞ்சம் சூடேறும். கரியும் மிச்சம், மண்டபமும் குளிர்ச்சி. காகிதத்தில் நல்ல யோசனைதான். சட்டைக்குள் அழுத்தம் சேராமல் இருக்க, மேலே வெளிக்காற்றுக்குத் திறந்த ஒரு குழாய் உண்டு. அது திறந்திருக்கும்வரை ஆபத்தில்லை.

கட்டும்போது சட்டையில் கசிவு இருக்கிறதா என்று நீரழுத்தம் கொடுத்துச் சோதிப்பதற்காக அந்தக் குழாயில் தற்காலிகமாக ஒரு வால்வு பொருத்தினார்கள். சோதனை முடிந்தது. வால்வைக் கழற்ற வேண்டியவர் கழற்றவில்லை. அதை யாரோ மூடியிருந்தார்கள்.

1859 செப்டம்பர் 9. சோதனை ஓட்டத்தில் கப்பல் ஹேஸ்டிங்ஸ் கடற்கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. சட்டைக்குள் நீர் கொதித்து, நீராவிக்குப் போக வழியில்லாமல், முன்புகைபோக்கி அப்படியே வெடித்து மேலே பறந்தது. மண்டபம் சிதைந்தது. விருந்தாளிகள் சற்று முன்புதான் அங்கிருந்து போயிருந்தார்கள். கீழே ஸ்டோக்கர்கள் நீராவியில் வெந்தார்கள், குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். இரண்டாவது புகைபோக்கியின் சட்டையிலும் அதே மாதிரி ஒரு வால்வு மூடியே இருந்தது. ஒருவர் அதை நினைத்து ஓடிப்போய்த் திறந்ததால் அது தப்பியது. கப்பலை வடிவமைத்த இசம்பார்ட் கிங்டம் புரூனெல் நான்கு நாள் முன்பு கப்பல் தளத்திலேயே மயங்கி விழுந்து படுக்கையில் இருந்தார். இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது, செப்டம்பர் 15இல் அவர் காலமானார்.

ஆகவே வாட்ச் ஏறும்போது சட்டையின் மேல்குழாய் வரை நீங்களே ஏறிப் போங்கள். திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அந்தப் பக்கம் ஏதாவது வால்வு தென்பட்டால் அது எதற்கு என்று கேளுங்கள். "சும்மா இருக்கு" என்று பதில் வந்தால் பெரிய பொறியாளரிடம் சொல்லிக் கழற்றச் செய்யுங்கள். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: கொதிகலன் அழுத்தமானி அன்று ஒரு குறையும் காட்டியிருக்காது. கொதிகலனில் கோளாறே இல்லை. மானி இல்லாத இடத்தில்தான் அழுத்தம் சேர்ந்தது.

சுக்கான் சக்கரத்தைத் திருப்பினால் கப்பல் திரும்பவில்லை

நீளமான கப்பல் இது. முதலில் கட்டளை சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். போயிருந்தால், சக்கரத்திலிருந்து சுக்கான்வரை சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போங்கள். சங்கிலியும் நன்றாக இருந்தால், சுக்கானின் தண்டைப் பாருங்கள்.

1861 செப்டம்பரில் லிவர்பூலிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 400 பயணிகளோடு போகும்போது அட்லாண்டிக்கில் புயல் பிடித்தது. துடுப்புச் சக்கரங்கள் இரண்டும் பிய்ந்து போயின. சரி, புரொப்பெல்லர் இருக்கிறதே என்றால், சுக்கானின் தடித்த இரும்புத் தண்டு முறிந்து, சுக்கான் தன் இஷ்டத்துக்கு ஆட ஆரம்பித்தது. ஆடுகிற சுக்கான் புரொப்பெல்லரில் போய் மோதும். ஆகவே புரொப்பெல்லரையும் சுற்ற முடியாது. மூன்று கோளாறு மாதிரித் தெரிகிறது, முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு ஒன்றுதான்: ஆடுகிற சுக்கானைப் பிடித்து நிறுத்துவது.

கப்பல் அலைக்கு நெடுக்காக நிற்காமல் குறுக்காகப் படுத்து உருண்டது. மண்டபத்தில் நாற்காலி, மேசை, கண்ணாடி, பயணிகள் எல்லாம் ஒன்றாக அடித்துக்கொண்டு போனார்கள். மேல்தளத்துத் தொழுவத்திலிருந்த மாடு ஒன்று கூரைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பெண்கள் அறைக்குள் விழுந்தது என்றுகூடச் சொல்கிறார்கள்.

பயணிகளில் ஹாமில்டன் டௌல் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் இருந்தார். அவர் யோசனை எளிது: முறிந்த இடத்துக்குக் கீழே இன்னும் சுக்கானோடு ஒட்டியிருக்கும் தண்டைச் சுற்றிக் கனத்த சங்கிலியைச் சுற்றி, இரு பக்கமும் கப்பி போட்டு இழுத்துப் பிடிப்பது. கேப்டன் வாக்கர் முதலில் காது கொடுக்கவில்லை. மற்ற வழிகள் தோற்ற பிறகு ஒத்துக்கொண்டார். சங்கிலி பிடித்தது, சுக்கான் அடங்கியது, புரொப்பெல்லர் மெல்லச் சுழன்றது, கப்பல் அயர்லாந்தின் குவீன்ஸ்டவுனுக்குத் திரும்பி வந்தது. நீங்களும் இப்படி மாட்டிக்கொண்டால் இதே வழிதான். கூடவே பயணிகள் பட்டியலில் பொறியாளர் யாராவது இருக்கிறாரா என்று பார்த்துவைப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

சுக்கான் சக்கரத்தைப் பிடிக்க ஒரு கூட்டமே வேண்டியிருந்ததற்கான நிரந்தரத் தீர்வு 1867இல் வந்தது. ஜான் மக்ஃபார்லேன் கிரே வடிவமைத்த நீராவிச் சுக்கான் இயந்திரத்தை இந்தக் கப்பலில் பொருத்தினார்கள். சக்கரத்தை எவ்வளவு திருப்புகிறீர்களோ அவ்வளவே சுக்கான் திரும்பித் தானாக நிற்கும். என்னைக் கேட்டால் இந்தக் கப்பலுக்குள் நுழைந்த பொருள்களில் மிகப் புத்திசாலித்தனமானது அதுதான்.

ஒரு துடுப்புச் சக்கரம் வேகமாக ஓடுகிறது, மற்றது திணறுகிறது

இயந்திரத்தில் குறை இல்லை. கப்பல் உருளும்போது ஒரு பக்கச் சக்கரம் காற்றில் சுழல்கிறது, மறுபக்கம் அச்சுவரை மூழ்குகிறது. கரி தீரத் தீரக் கப்பல் லேசாகி மேலே எழும்போதும் சக்கரம் நீரில் இறங்கும் ஆழம் மாறும். துடுப்புக் கப்பல் எல்லாவற்றுக்கும் இது பிறவிக் குணம். த்ராட்டிலைக் குறைத்து, வேலையைப் புரொப்பெல்லர் பக்கம் மாற்றுங்கள்.

அடியில் ஒரு உறுமல், அப்புறம் லேசான சாய்வு

உறுமல் நின்றுவிட்டது, கப்பல் ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள்.

1862 ஆகஸ்ட் 27 விடியலுக்கு முன். நியூயார்க் வாசலில் சாண்டி ஹூக் மணல்திட்டின் மேல் போக முடியாத அளவுக்குக் கப்பல் பாரம் ஏறி ஆழமாக மிதந்தது. ஆகவே கேப்டன் வால்டர் பேட்டன் லாங் ஐலண்டைச் சுற்றி வந்தார். மான்டாக் முனை அருகே அடியில் ஏதோ உரசிய சத்தம். கப்பல் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தன் சக்தியிலேயே ஓடி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. முக்குளிக்கும் ஆள் இறங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: வெளித்தகட்டில் 83 அடி நீளமும் 9 அடி அகலமுமான கிழிசல்.

வேறு கப்பலாக இருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். இந்தக் கப்பலுக்கு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தோல், நடுவில் மூன்றடிக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. நீர் அந்த இடைவெளியில் மட்டும்தான் நிரம்பியது. உள்தோல் சொட்டவில்லை. புரூனெலின் யோசனை அது. வெடித்த நீர்ச்சட்டைக்காக யாராவது இந்தக் கப்பலைத் திட்டினால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆகவே சாய்வு தெரிந்தால் உள்ளறைகளைப் பார்த்துவிட்டு "உலர்ந்திருக்கிறது" என்று திரும்பாதீர்கள். இரண்டு தோலுக்கும் நடுவே அளவுகோல் கம்பியை விட்டு நீர்மட்டம் எடுங்கள். எந்த அறையில் ஏறுகிறதோ அதற்கு நேர் கீழேதான் கிழிசல்.

பழுது பார்ப்பதுதான் பெரிய கூத்து. இவ்வளவு பெரிய கப்பல் நுழையும் உலர்துறை (கப்பலை உள்ளே விட்டு நீரை வடித்துவிடும் துறை) அன்று உலகில் எங்கும் இல்லை. பொறியாளர்களான ரென்விக் சகோதரர்கள் கப்பலின் அடிவளைவுக்குப் பொருந்தும்படி பெரிய மரப்பெட்டி ஒன்று செய்து, அதைக் கிழிசலின் மேல் அழுத்திக் கட்டி, உள்ளே இருந்த நீரை இறைத்து, மிதக்கிற கப்பலின் அடியிலேயே ஆட்களை இறக்கித் தகடு அடித்தார்கள்.

இரவில் அடித்தட்டிலிருந்து சுத்தியல் சத்தம்

மேற்படி பழுது வேலையின்போதே இப்படிக் கேட்டதாக ஒரு கதை உண்டு. கட்டும்போது இரண்டு தோலுக்கும் நடுவே சிக்கிச் செத்த ரிவெட் ஆளின் ஆவி என்று ஆட்கள் வேலைக்கு வர மறுத்தார்களாம். தேடிப் பார்த்தால் நீர்மட்டத்துக்கு அருகே தளர்ந்து தொங்கிய ஓர் இரும்புச் சாமான் அலைக்கு ஏற்ப மோதிக்கொண்டிருந்ததாம். எலும்புக்கூடு கிடைத்தது என்ற பேச்சுக்கு இதுவரை ஆதாரம் இல்லை. சத்தம் அலையின் தாளத்தோடு சேர்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். சேர்ந்தால் கட்டி வையுங்கள், போதும்.

கரி அதே கரி, சுற்று அதே சுற்று, வேகம் மட்டும் இல்லை

இயந்திரத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடியில் சிப்பியும் கொட்டலசும் அப்பியிருக்கின்றன. இரும்புக் கப்பலுக்கு இது தீராத வியாதி. செம்புத் தகடு அடித்த மரக்கப்பலில் இவை எளிதில் ஒட்டாது. இரும்பின் மேல் நேராகச் செம்பு வைத்தால் உப்புநீரில் இரும்பு அரித்துப்போகும். மற்ற கப்பல்கள் உலர்துறையில் ஏறிச் சுரண்டிக்கொண்டு போய்விடும். நமக்கு அந்த வசதி இல்லை. நீர் ஏறியிருக்கும்போது மரச்சட்டத்தின் மேல் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தி, நீர் வற்றியதும் எட்டிய மட்டும் சுரண்ட வேண்டும்.

எல்லாம் ஓடுகிறது, பயணிகள் மட்டும் இல்லை

இது இயந்திர அறைக்கு வெளியே உள்ள கோளாறு, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. நாலாயிரம் பேர் ஏறக்கூடிய கப்பல் 1860 ஜூன் 17இல் முதல் அட்லாண்டிக் பயணம் கிளம்பியபோது காசு கொடுத்து ஏறியவர்கள் 35 பேர். பணியாட்கள் 418.

அறிகுறி அட்லாண்டிக்கில் தெரிந்தது, கோளாறு அதற்கு வெகு முன்பே நடந்தது. இது அந்தக் கடலுக்காகக் கட்டிய கப்பலே இல்லை. வழியில் எங்கும் கரி ஏற்றாமல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கிழக்கே போய்வர வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால்தான் ஆயிரக்கணக்கான டன் கரிக்கு வயிற்றில் இடம். பெயரிலேயே கிழக்கு இருக்கிறது. பணம் தீர்ந்து, கம்பெனி கைமாறி, புதிதாக வாங்கியவர்கள் கப்பலைப் பயணிகள் கூட்டம் இருக்கும் நியூயார்க் பாதையில் போட்டார்கள். குறுகிய தூரத்துக்கு அந்த வயிறு வெறும் சுமை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது கிழக்கே போகும் பாதையும் குறுகியது. துடுப்புப் பெட்டிகளோடு 118 அடி அகலமுள்ள கப்பல் அதற்குள் போகவும் முடியாது.

தீர்வு வேறு வேலை. கடலடியில் போடும் தந்திக் கேபிள் எவ்வளவு நீளமானாலும் ஒரே தடவையில் சுமக்கும் வயிறு வேறு எந்தக் கப்பலுக்கும் இல்லை. அட்லாண்டிக்கில் 1865இல் கேபிள் நடுக்கடலில் அறுந்தது, 1866இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரை சேர்ந்தது. அறுந்ததையும் தேடிப் பிடித்து மேலே எடுத்து முடித்தார்கள். 1870இல் ஒருவழியாகக் கிழக்கே வந்தது, பம்பாய்க்கு. பயணி இல்லாமல், வெயிலுக்காக வெள்ளையடித்துக்கொண்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, ஏடன்வரை போட வேண்டிய கேபிளைச் சுமந்துகொண்டு.

கடைசியில் லிவர்பூலில் ஒரு கடையின் விளம்பரப் பலகையாக நின்றது. 1888இல் ஏலம் போனது. மெர்சி ஆற்றங்கரையில் உடைக்க ஆரம்பித்தபோதும் அந்த இரட்டைத் தோல் லேசில் இணங்கவில்லை, இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கிப் போட்டு உடைத்தார்கள். திங்கள் முதல் சனி வரை பெயர் வைத்த ஆறு கம்பங்களில் ஒன்றின் மேல்துண்டு மட்டும் தப்பியது. லிவர்பூல் கால்பந்து அணியின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் அது இப்போதும் கொடிக்கம்பமாக நிற்கிறது.